அந்த ‘ம்க்கும்’ எங்கே போனது?

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து ஊர்களுக்கு வந்து, பெரியவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து, அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குகிற வேலையில் இருக்கிறீர்கள். உங்களில் நாலு பேரைத்தான் எனக்கு முகம் தெரியும். ஆனாலும் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

போன வெங்காய அறுவடையின்போது பாடாலூரில் ஒரு களத்தில், தாள் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினீர்கள். பிறகு, “உங்க ஊர்ப் பேச்சு, ஒரு தடவ பாத்துக் குடுங்கய்யா” என்று எழுதிய தாள்களையும் ஒலிப்பதிவையும் என்னிடம் விட்டுப்போனீர்கள். மூன்று இரவு உட்கார்ந்து கேட்டேன். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது. எழுத்துப்பிழை என்று பார்த்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அதைச் சொல்லிவிட்டே குறையைச் சொல்கிறேன்.

பதினோராவது பதிவில் உங்களில் ஒருவர், “இந்த வருசம் வெங்காயத்துக்கு நல்ல வெல கெடச்சுதாம்மா?” என்று கேட்கிறார். அந்த அம்மாள் கையை நிறுத்தவில்லை. நறுக், நறுக் என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிறகு மூக்கு வழியாக ஒரு “ம்க்கும்.” ஒரு மூச்சு விட்டு, “கெடச்சுது போ... நல்ல்ல்ல வெல.” பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் சிரிக்கிறார்கள். யாரோ ஒருத்தி உச்சுக் கொட்டுகிறாள்.

உங்கள் தாளில் இருப்பது இது: “கிடைத்தது. நல்ல விலை.”

அவர் சொன்னதற்கு இது நேர் எதிர். பட்டறையில் பாதி அழுகி, மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்ட ஒரு பெண், தன் வாயாலேயே நல்ல விலை கிடைத்ததாகச் சொன்னதாய் ஆகிவிட்டது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ‘ம், ஆங், ப்ச் போன்ற ஒலிகளையும், பொருளில்லாத அசைகளையும் நீக்கிவிடவும்’ என்று உங்களுக்குக் கொடுத்த குறிப்பில் இருந்ததாகச் சொன்னீர்கள். குறிப்பின்படி பார்த்தால் நீங்கள் செய்தது முழுக்கச் சரி. அதனால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

இதே தவறை நான் ஒரு முறை செய்திருக்கிறேன். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அதற்கும் முந்தி, நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாளில், ஒரு கணக்கெடுப்புக்குத் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, கட்டத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு கூரைவீட்டில் தனியாக இருந்த பாட்டியிடம், “உதவிப் பணம் வருதா ஆயா?” என்று கேட்டேன். “வருது வருது. மாசம் பொறந்தா மடியில வந்து கொட்டுது” என்றார். நான் ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். இருபது வயசு, உச்சி வெயில், இன்னும் நாற்பது வீடு பாக்கி. அவர் முகவாயைத் தோளில் இடித்து நொடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த ‘வருது’ மேலே போய் அப்படியே தொங்கியதைக் கேட்டேன். ஆனால் என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் என்னைத் தேடி வந்தார். பணம் வராதவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ‘ஏற்கெனவே பெறுபவர்’ என்று போட்டிருந்தார்கள். போட்டது என் கை. அதைத் திருத்தக் கேட்டு நான் எழுதியதுதான் என் வாழ்க்கையில் எழுதிய முதல் மனு. ஒரு வருசத்துக்கு மேல் இழுத்தது. அந்த ஒரு வருசம் அவர் எதைச் சாப்பிட்டார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பணம் வந்துவிட்டது என்று சொல்லப் போனபோது, “ம்” என்றார். அவ்வளவுதான். அந்த ‘ம்’மில் இருந்தது கோபமா, மன்னிப்பா, வெறும் களைப்பா என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். அதற்குப் பிறகு முப்பது வருசமாக மனு எழுதிக் கொடுப்பதே எனக்குத் தொழிலாகிவிட்டது. ஒருவர் வாயைத் திறந்தால் முதலில் குரலைக் கேட்பேன். சொல் அப்புறம்தான்.

அந்த ஒற்றை ஒலியையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்காமல் சொல்லுகிற ‘ம்’. சின்னதாக, மட்டமாகச் சொன்னால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’. கடைசியில் தூக்கினால் ‘என்ன சொன்னே?’ மேலிருந்து மெல்ல இறக்கினால் ‘என்ன செய்யறது, நடக்கட்டும்.’ சட்டென்று வெட்டினால் ‘போதும், நிறுத்து.’ இரண்டாக உடைத்து நடுவில் மூச்சைவிட்டுத் தூக்கினால் ஆமாம். அதையே தொண்டையை அடைத்து இறக்கினால் ‘ம்ஹூம்’, இல்லை. நடுவே ஒரு ‘க்’ வந்துவிட்டால் அது எங்கள் ஊர்ப் பெண்களின் தீர்ப்பு. ‘ம்க்கும்’ விழுந்த பிறகு அந்தப் பேச்சில் மேல்முறையீடு இல்லை. கைக்குழந்தையைத் தூங்க வைக்கிற தாய் நீட்டுகிற ‘ம்ம்ம்’ வேறு. காய்ச்சல்காரர் போர்வைக்குள்ளிருந்து விடுகிற ‘ம்’ வேறு.

எழுத்தில் இதெல்லாம் ஒரே ஒரு புள்ளி வைத்த ‘ம்’. இலக்கணப்படி அதற்குச் சொல் என்கிற தகுதியே கிடையாது. உயிர் சேராத வெறும் மெய் சொல்லுக்கு முதலாக வராது என்பது தமிழ் எழுத்தின் அடிப்படை. ‘ப்ச்’சும் அப்படித்தான். அது நாக்கையும் பல்லையும் ஒட்டி உறிஞ்சுகிற ஒலி, அதற்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தே இல்லை. ஆனால் பேச்சுத்தமிழ் இவற்றுக்கு வினைச்சொல்லே வைத்திருக்கிறது. உம் கொட்டுகிறோம், உச்சுக் கொட்டுகிறோம். மேளம் கொட்டுவது போல அதுவும் ஒரு செயல், காரியம் நடத்துகிற செயல் என்று நம் ஆட்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள்.

இந்தப் பக்கம் கதை சொல்லுகிற கிழவிகளைக் கேட்டால் தெரியும். ‘ம்’ கொட்ட ஆள் இல்லாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார்கள். “தூங்கிட்டியா? அப்ப நாளைக்கு” என்று பாயை உதறிப்போட்டுவிடுவார்கள். தென்மாவட்டத்து வில்லுப்பாட்டில் இது கலையின் உறுப்பாகவே ஆகிவிட்டது. வில்லடிக்கிறவர் ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட வேண்டும். சுப்பு ஆறுமுகம் ஐயா 2022-ல் மறைகிற வரைக்கும் மேடை மேடையாக அதைக் காட்டினார். அந்த ஆமாவை ஒருவர் வியப்பாகப் போடுவார், ஒருவர் சந்தேகமாகப் போடுவார், கூட்டம் அதை வைத்துத்தான் எந்த இடத்தில் சிரிப்பது, எந்த இடத்தில் அடங்குவது என்று முடிவு செய்யும். உங்கள் பதிவுகளில் நீங்களும் நன்றாக உம் கொட்டியிருக்கிறீர்கள். ஆறாவது பதிவில் ஒரு தங்கை கொட்டிய ‘ம்’முக்காகவே ஒரு தாத்தா தன் மனைவி செத்த கதையைச் சொல்லி முடித்தார். தாளில் அந்த ‘ம்’களையும் அழித்துவிட்டீர்கள். படிக்கிறபோது அவர் சுவரோடு பேசியது போல இருக்கிறது.

இலக்கணம் இதையெல்லாம் மதிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த விதம்தான் அப்படி. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு விஷயம் சொல்லுகிறார். பாட்டிலும், விளித்துக் கூப்பிடுவதிலும், பண்டமாற்றிலும் உயிரெழுத்து மட்டுமல்ல, மெய்யெழுத்தும் தன் மாத்திரையை மீறி நீண்டு ஒலிக்கும் என்கிறார். பண்டமாற்று என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் தெருவில் நின்று கேட்டிருக்கிறார். இன்றைக்கும் காலை ஏழு மணிக்குச் சரக்கு ஆட்டோவில் வருகிறவர், “சின்ன வெங்காயேம்ம்ம்ம்” என்று இழுக்கிறபோது நீளுவது ‘யே’ மட்டும் இல்லை, அந்த ‘ம்’மும்தான். அது அடங்குவதற்குள் நாலு வீட்டுக் கதவு திறக்கும். தொல்காப்பியரும், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது ஓசை அளவு கடந்து நீளும் என்று விளிமரபில் சொல்லிவிட்டார். வரப்பில் நின்று அடுத்த காட்டில் இருப்பவளை “அடியேஏஏய்” என்று கூப்பிடுகிற குரல் அவர் காதில் விழாமல் இதை எழுதியிருக்க முடியாது.

தொல்காப்பியத்தில் இடையியல் என்று ஓர் இயலே இருக்கிறது. ‘ஏ’ என்கிற ஒற்றை இடைச்சொல் ஐந்து வகையில் வரும், ‘ஓ’ ஆறு வகையில் வரும் என்று பிரித்து வைத்திருக்கிறார். தெளிந்து உறுதி சொல்வது ஒரு ‘ஏ’, கேட்பது ஒரு ‘ஏ’, பலரிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுவது ஒரு ‘ஏ’. ‘நான் பாத்தேனே!’ என்பதையும் ‘அவனே பாத்தான்’ என்பதையும் சொல்லிப் பாருங்கள். குரல் ஏறும் இடமே வேறு. இன்னொன்று. கேண்மதி, சென்மோ, கேண்மியா என்று பழந்தமிழில் எதிரில் நிற்பவரிடம் பேசும்போது ஒட்டுகிற ஈறுகள் உண்டு. மியா, இக, மோ, மதி, இகும், சின் என்று ஆறு. முன்னிலை அசை என்று பெயர். அசை என்றால் பொருளில்லாமல் நிரப்ப வந்தது என்றே வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரில் ஆள் நிற்கும்போது வருகிற ஒன்று எப்படிப் பொருளில்லாததாக இருக்கும்? இன்றைக்கு ‘வா’ என்பதற்கும் ‘வாயேன்’ என்பதற்கும் நடுவில் இருப்பது என்னவோ, அதுதான் அன்றைக்குக் ‘கேள்’ என்பதற்கும் ‘கேண்மதி’ என்பதற்கும் நடுவில் இருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். ‘வா’ என்றால் வரச்சொல்கிறேன். ‘வாயேன்’ என்றால் நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் என்கிறேன். அந்த ‘ஏன்’ கேள்வி இல்லை. கையைப் பிடித்து இழுப்பது.

பேச்சின் கடைசியில் ஒட்டுகிற இந்த வால்களைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தது எங்கள் தெருப் பையன் ஒருவனால். இந்த இரண்டு மாவட்டத்திலும் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் போகாத தெரு குறைவு. பத்து வருசம் இருந்துவிட்டு வந்தவன், “சாப்பிட்டாச்சு லா”, “வேணாம் லா” என்று பேசினான். ஊரில் எல்லோரும் அதை வெளிநாட்டு மிடுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். “சும்மா சொன்னா கட்டன் ரைட்டா இருக்கும். லா போட்டா கோவமில்லன்னு அர்த்தம்” என்றான். அவனுடைய மேற்பார்வையாளர் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த சீனராம். அங்கே சீனர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கான்டனீஸ். அவர் தன் ஆட்களோடு பேசும்போது வரிக்கு வரி ஒரு லா, ஒரு லோ, ஒரு வோ வரும், வேலை சரியாக நடக்கிறதா இல்லையா என்பதை மொழி தெரியாமலே அந்தக் கடைசி ஒலியை வைத்துத் தெரிந்துகொள்வோம் என்றான்.

பிறகு தேடிப் படித்தேன். கான்டனீஸ் ஹாங்காங்கிலும் தென்சீனத்துக் குவாங்டாங்கிலும் பேசுகிற மொழி. அதில் சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். ‘சி’ என்ற ஒரே ஒலியை ஆறு சுருதியில் சொன்னால் கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, காரியம் என்று ஆறு சொல். சுருதியைச் சொல்லுக்கே கொடுத்துவிட்டதால், கோபத்தையும் சலிப்பையும் காட்டக் குரலை நம்மைப் போல இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க அவர்களுக்கு இடம் குறைவு. அதனால் வாக்கியத்தின் வாலில் ஒட்டுகிற சின்னச் சின்ன ஒலிகள் அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தூக்குகின்றன. முப்பது வரைக்கும் எண்ணுகிறார்கள். ‘மே’ என்று முடித்தால் ‘நிஜமாவா, நம்ப முடியலையே.’ ‘லோ’ என்றால் ‘இது தெரிஞ்சதுதானே.’ தாழ்ந்து எழும்பும் ‘வோ’ என்றால் ‘அப்படின்னு சொல்றாங்க, எனக்குத் தெரியாது.’ ஸ்டீபன் மேத்யூஸும் வர்ஜீனியா யிப்பும் 1994-ல் கொண்டுவந்த கான்டனீஸ் இலக்கணம் இந்த வால்களுக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. யாரும் அவற்றை அசை என்று ஒதுக்கவில்லை.

அந்த ‘வோ’வைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது நம்முடைய ‘ஆம்’. “குடுத்துட்டானாம்.” எத்தனை மனுவில் இதை எழுதியிருக்கிறேன்! வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பது ஒரு செய்தி. கொடுத்துவிட்டானாம் என்பது, அவன் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறான், நான் அதற்குச் சாட்சி இல்லை என்பது. “படிச்சவனாம்” என்று இழுத்தால் படிப்பையே காலில் போட்டு மிதித்தாயிற்று. ஒரு ‘ஆம்’ போனால் ஒருவர் மறுத்த விஷயத்தை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். உங்கள் தாள்களில் மட்டும் இப்படி ஏழு ‘ஆம்’ விழுந்துபோயிருக்கிறது. எண்ணி, சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன். அதே மாதிரி ‘ஆக்கும்’. “நீ சொன்னா நான் கேக்கணுமாக்கும்.” ‘ல்ல’. “நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல்ல.” கான்டனீஸ்காரர் வாலில் ஒட்டுவதை நாமும் வாலில் ஒட்டுகிறோம். அதற்கு மேல் சுருதியும் நம் கையில் கட்டில்லாமல் இருக்கிறது. இரண்டு கையாலும் செய்கிற வேலை நம்முடையது. எழுதும்போது இரண்டையும் வெட்டிவிட்டால் மிஞ்சுவது என்ன?

சொல் ஒன்று, குரல் அதற்கு எதிர் என்பது தமிழில் ஏமாற்று வேலை இல்லை. அது மரியாதையின் ஒரு வழி. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்” என்று எழுந்தால், அந்த ‘றோம்’ எப்படி இறங்குகிறது என்பதைக் கேட்டே பெண்ணின் தாய் அடுப்படிக்குள் போய்விடுவாள். காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது, மனுவோடு வந்தவர்களிடம் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்பார் என்பது ஊரறிந்த செய்தி. அச்சில் பார்த்தால் தட்டிக்கழிக்கிற பேச்சு. ஆனால் அவர் குரலைக் கேட்ட பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “அவரு அத சொன்னா வேல முடிஞ்சுதுன்னு தூங்கப் போவலாம்.” அதே இரண்டு சொல்லை இன்னொருவர் மேசைக்குப் பின்னாலிருந்து, தலையைத் தூக்காமல் சொன்னால், வந்த பேருந்திலேயே திரும்பிவிடலாம். மனு எழுதுகிறவனுக்கு இந்த இரண்டு ‘பார்க்கலாம்’களுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் பிழைப்பு நடக்காது.

மாட்டுச் சந்தையையும் நினைத்துப் பாருங்கள். மணப்பாறைச் சந்தைக்கு என் அப்பாவோடு போயிருக்கிறேன். துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். தொகை வெளியே வராது. வெளியே கேட்பதெல்லாம் ஒரு ‘அட’, ஒரு ‘ம்ஹூம்’, ஒரு ‘என்னாங்க நீங்க’, ஒரு ‘ச்சை’, கடைசியில் ஒரு ‘செரி’. இதை மட்டும் கேட்டே சுற்றி நிற்கிறவர்கள் மாடு என்ன விலைக்குப் போனது என்று ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது சொல்லப்போவதை எழுதுவதற்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். ‘ஏய்’ என்ற ஒலி. என் சின்ன வயசில், பத்து வயசுப் பையன் ஒருவன் எழுபது வயசுக்காரரை ‘ஏய்’ என்று கூப்பிடுவான். அவர் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, “சாமீ” என்று குரலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து நிற்பார். அந்த ‘ஏய்’யிலும் அந்த ‘சாமீ’யிலும் ஊரின் மொத்தக் கணக்கும் இருந்தது. யாருடைய நிலம், யாருடைய கிணறு, யார் எந்தப் பக்கம் நடக்கலாம் என்பதெல்லாம் இருந்தது. இன்றைக்கு அது அவ்வளவு பச்சையாகக் கேட்பதில்லை. ‘ங்க’வை விழுங்கிவிடுவதில் கேட்கிறது. ஒரே திண்ணையில் இருக்கிற நாலு பேரில் மூவருக்கு ‘வாங்க’ என்றும், ஒருவருக்கு ‘வாப்பா’ என்றும் விழுவதில் கேட்கிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றம் என்கிறது. அவமதிப்பு பல நேரம் சொல்லில் இருக்காது. ‘வாய்யா, உக்காரு’ என்பதை எழுதிக் காட்டினால் விருந்தோம்பல். சொன்ன விதத்தைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். பதினான்காவது பதிவில் ஒரு தோட்டக்காரர் பேசுவதும், நடுவில் ஒரு வண்டிக்காரர் வந்து அவரைக் கூப்பிடுவதும் இருக்கிறது. நீங்கள் அந்தக் கூப்பாட்டை ‘பின்னணி இரைச்சல்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது இரைச்சல் இல்லை. அதற்குப் பிறகு தோட்டக்காரர் குரல் பாதியாகக் குறைவதை மறுபடி கேளுங்கள்.

நீதிமன்றத்துக்கு இது தெரியும். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆவது பிரிவு, சாட்சி சொல்லும்போது அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி முக்கியமாகத் தோன்றுவதை நீதிபதி குறித்து வைக்க வேண்டும் என்றது. 2023-ல் வந்த புதிய சட்டமும் அதை விடவில்லை. சாட்சி தயங்கினாரா, குரல் உடைந்ததா என்பதற்கு ஒரு தாளில் இடம் இருக்கிறது. உங்கள் தாளிலும் அந்த இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நம் பக்கத்து எழுத்தாளர்கள் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். விருத்தாசலம் பக்கத்து இமையத்தின் கதைகளைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பெண்கள் சண்டை போடுகிற இடத்தில் எழுத்தே மூச்சு வாங்கும். கண்மணி குணசேகரன் தனி மனிதராக நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் செய்தது போல. அவர்களிடம் கருவி எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. காது இருந்தது. உங்களிடம் கருவி இருக்கிறது. ஒரு ‘ம்’மை இருபது தடவை திரும்பக் கேட்க முடியும். அவர்களுக்கு வாய்க்காத வசதி அது.

இன்னொருவரையும் உங்களுக்குச் சொல்ல ஆசை. கெயில் ஜெஃபர்சன் என்று ஓர் அமெரிக்கப் பெண். 1963-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தட்டச்சு எழுத்தராகச் சேர்ந்தார். ஒலிநாடாவைக் கேட்டு எழுதுவதுதான் அவர் வேலை, உங்கள் வேலை மாதிரியே. பிற்பாடு உரையாடலை ஆராய்கிறவர்களுக்காக அவர் எழுதியபோது, இழுத்த ஒலிக்கு முக்காற்புள்ளி, ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் விழுந்தால் சதுர அடைப்பு, மூச்சுக்கும் சிரிப்புக்கும் தனிக்குறி என்று அப்படி அப்படியே குறித்தார். இன்றைக்கு உலகமெங்கும் உரையாடலை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய குறிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். பேராசிரியர் யாரும் உட்கார்ந்து யோசித்துக் கொடுத்தது இல்லை அது. தட்டச்சு மேசையிலிருந்து பிறந்தது.

உங்களுக்குக் கொடுத்த குறிப்பை மாற்றச் சொல்லி மேலே கேளுங்கள். கணினிக்குப் பேச்சுத்தமிழ் கற்றுத்தரத்தான் இவ்வளவு பதிவும் என்றால், கணினிக்குத்தான் இது முதலில் வேண்டும். ஒன்றிய அரசு 2022-ல் பாஷிணி என்ற திட்டத்தைத் தொடங்கியதும், சென்னை ஐஐடியிலிருக்கிற குழு இந்திய மொழிகளின் பேச்சைச் சேர்ப்பதும், நாளைக்குப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயி தன் குரலாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கருவியிடம் எங்கள் ஊர் ஆயா, “வருது வருது, மடியில வந்து கொட்டுது” என்று சொன்னால், அது என்ன புரிந்துகொள்ளும்? நான் இருபது வயசில் புரிந்துகொண்டதைப் புரிந்துகொள்ளும். நான் ஒரு வீட்டில் செய்த தவறை அது ஒரே நாளில் லட்சம் வீட்டில் செய்யும்.

எப்படிக் குறிப்பது என்று கேட்பீர்கள். பெரிய முறை எதுவும் வேண்டாம், தமிழிலேயே இருக்கிறது. நொடித்தாள், சலித்துக்கொண்டார், அங்கலாய்த்தார், இழுத்தார், வெடுக்கென்றாள், மென்று விழுங்கினார், எகத்தாளமாக, எடக்காக, பிகுவாக, வீம்பாக. குரலின் குணத்துக்கு இத்தனை பெயர் வைத்திருக்கிற மக்களின் பேச்சை எழுதுகிறீர்கள். அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போட்டால் போதும். எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால் பேசினவரிடமே போட்டுக் காட்டிக் கேளுங்கள். “இத எப்படிச் சொன்னீங்க, கோவமாவா, வெளையாட்டாவா?” என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். போன வாரம் அந்தப் பதினோராவது பதிவை அந்த அம்மாளுக்கே போட்டுக் காட்டினேன். தன் ‘ம்க்கும்’மைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார். “ஐயே, நானா இப்படிச் சொன்னேன்?” என்றார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. “ஆமா. அந்த வருசம் அப்படித்தான இருந்துச்சு” என்றார்.

திருத்திய தாள்கள் என்னிடம் இருக்கின்றன. திங்கட்கிழமை நான் பெரம்பலூரில் ஆட்சியர் அலுவலக வாசலில் இருப்பேன், அன்றைக்கு மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். மற்ற நாளில் பாடாலூரில் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது முழுப்பதிவுகளையும், வெட்டாமல், எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்பதாவது பதிவின் முடிவில், கேள்விகள் தீர்ந்த பிறகு, நீங்கள் அணைப்பதற்குச் சற்று முன்னால், ஒரு மூத்த கிழவி மெதுவாக ஏதோ ‘யப்பா’ என்கிறார். அது அலுப்பா, நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு எழுதுவோம்.

அன்புடன்,
பாடாலூரிலிருந்து ஒரு மனு எழுதுபவன்